மாட்டுப்பொங்கலன்று தூக்கிய ஊசி

கடத்தூருக்கு மேற்கே வண்டிப்பாதையில் போனால் ஒரு பெரிய கரும்பாறையும், அதன் அடியில் கூரை இல்லாத கற்கட்டு அறை ஒன்றும் வரும். ஊர்க்காரர்கள் அந்த இடத்தை நடுக்கக் கொட்டாய் என்கிறார்கள். பேய் பிடித்து நடுங்கியவர்களை அங்கேதான் கட்டிப் போடுவார்களாம், அதனால் அந்தப் பெயராம். சுத்தப் புளுகு. பக்கத்து ஊர்க்காரன் பயந்து நடுங்க வேண்டும் என்பதற்காக யாரோ வேலையற்றவன் கட்டிவிட்ட கதை அது. அந்த அறையில் இருந்தது நிலநடுக்கத்தைக் காகிதத்தில் எழுதும் ஒரு கருவி. யுத்த காலத்தில் இரும்பு விலை ஏறியபோது எடைக்குப் போய்விட்டது.

கருவியைக் கொண்டுவந்து வைத்தவர் இன்னாசி வாத்தியார். அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் ராமக்காள். வாத்தியாரைப் பற்றிச் சொல்ல இன்னமும் நாலு பேர் இருக்கிறார்கள், படித்த மனிதர் அல்லவா. ராமக்காளைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சொன்னவர் தருமபுரியில் அரக்கு வியாபாரம் செய்த அப்துல் கனி பாய். சித்தேரி மலைக்காரர்கள் இறக்கிக் கொண்டுவரும் கொம்பரக்கை வாங்கி விற்றவர். வாத்தியாருக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் மண்ணெண்ணெயும் அவர் கடையிலிருந்துதான் போயின. அளந்து பேசுகிற மனிதர். ராமக்காள் பேச்சு வந்தால் மட்டும் அந்த அளவு தப்பிவிடும்.

ராமக்காளின் புருஷன் சின்னக்கண்ணு கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர், மழை பொய்த்தால் கோலாருக்குத்தான் நடையைக் கட்டுவார்கள். அந்தச் சுரங்கத்தில் ஆழம் போகப் போக, மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க முடியாமல் பாறை சில சமயம் தானாகவே வெடித்துச் சிதறும். வெடிமருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அப்படி ஒரு வெடிப்பில் சின்னக்கண்ணு போய்விட்டான். சேதி ஊருக்கு வந்து சேர்வதற்குள் அங்கே காரியமே முடிந்திருந்தது.

ராமக்காள் அழுதாள், தாலியை அறுத்தார்கள், அண்ணன் பச்சியப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். எல்லாம் ஊரில் நடக்கிறபடிதான். ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி முள் மாதிரி நின்றுவிட்டது. கோலாரிலிருந்து வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்பாள்: "அவுரு செத்தது எந்நேரம்? காலையிலயா, பொழுது சாயறப்பவா?" ஒருவனுக்கும் தெரியவில்லை. ஒருவன் காலை என்பான், இன்னொருவன் இரவு என்பான். அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரிய வேண்டும் அவளுக்கு. அவன் கல்லுக்கு அடியில் கிடக்கும்போது தான் சிரித்துக்கொண்டு இருந்திருப்போமோ, சோறு தின்றுகொண்டு இருந்திருப்போமோ என்று நினைத்து நினைத்துக் குமைவாள். இதைப் போய் யாரிடம் சொல்வது?

அப்படியிருக்கும்போதுதான், முப்பத்திரண்டாம் வருஷம், பொம்மிடி ஸ்டேஷனில் அந்தக் கருவி வந்து இறங்கியது. இன்னாசி வாத்தியார் பொம்மிடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சியில் பாதிரிமார் நடத்திய ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர். கல்லூரியில் பழசாகிப்போன கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரயில் சத்தமும் ஆலைச் சத்தமும் எட்டாத பாறை ஒன்றைத் தேடி அலைந்து, கடைசியில் பச்சியப்பன் காட்டை ஒட்டிய இந்தக் கரும்பாறையைப் பிடித்தார். பச்சியப்பனின் வண்டியில்தான் கருவி வந்தது. அதில் இருந்த இரும்புக் குண்டின் பாரத்துக்கு மாடுகள் வழி நெடுக நுரை தள்ளின. பாறையை ஒட்டிப் பள்ளம் பறித்து, கல் கட்டி, கதவு வைத்து, பக்கத்திலேயே தான் இருக்க ஒரு கொட்டாயும் போட்டுக்கொண்டு, அறையைக் கூட்டி மெழுகுவதற்கு ஆள் கேட்டார். ராமக்காள் போனாள்.

அந்தக் கருவியின் சங்கதி இவ்வளவுதான். கனமான இரும்புக் குண்டு தொங்கும். பூமி ஆடினாலும் குண்டு தன் பாரத்தால் சட்டென்று ஆடாமல் நிற்கும். அந்த வித்தியாசத்தை ஒரு மெல்லிய ஊசி பக்கத்தில் சுழலும் உருளையில் கிறுக்கும். உருளையில் சுற்றியிருப்பது பளபளப்புக் காகிதம். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் அதைக் காட்டிக் கருப்பாக்க வேண்டும். ஊசி அந்தக் கரியைச் சுரண்டிக்கொண்டே போக, கருப்பில் வெள்ளைக் கோடு விழும். கடிகாரம் ஒன்று கோட்டின் மேல் நிமிஷத்துக்கு ஒரு புள்ளி குத்திக்கொண்டே போகும். மறுநாள் காகிதத்தைக் கழற்றி, அரக்கு கரைத்த ஸ்பிரிட்டில் தோய்த்துக் காயவைத்தால் கரி ஒட்டிக்கொள்ளும், கை பட்டாலும் அழியாது.

முதல் நாள் மெழுகி முடித்துவிட்டு ராமக்காள் கதவோரம் நின்று கேட்டாளாம்.

"இது இன்னா எழுதுதுங்க?"

"எங்க பூமி அசைஞ்சாலும் எழுதும். ஜப்பான்ல அசைஞ்சாலும் எழுதும்."

"கோலாருல பாறை வெடிச்சா?"

"பெரிய வெடியா இருந்தா எழுதும்."

"நேரத்தோடவா?"

"நிமிஷத்தோட."

அன்றிலிருந்து அவள் அந்த அறையை விட்டு நகரவில்லை. கூட்ட வந்தவள் காகிதம் புகைக்கக் கற்றுக்கொண்டாள், உருளையில் சுற்றக் கற்றுக்கொண்டாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக் கற்றுக்கொண்டாள். இவள் கெட்டிக்காரி என்று சொல்ல வரவில்லை. காகிதத்தைக் கிழித்தும் இருக்கிறாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தும் இருக்கிறாள். ஆனால் காலையில் காகிதத்தைக் கழற்றும்போது முதல் காரியமாக அதை மேலிருந்து கீழாகப் பார்ப்பாள். கோடு சின்னதாய்த் துள்ளியிருந்தால், "இது கோலாருங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்று அவர் சொன்னால், யாரோ முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் கைகூப்பிவிட்டுத்தான் அரக்கில் தோய்ப்பாள். வாத்தியார் இதைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கொஞ்சம் மதிக்கிறேன்.

மற்றபடி மனிதர் பெரிய முன்கோபி. தொலைவில் நடக்கிற நடுக்கத்தைப் பிடிக்க வைத்த ஊசி, பக்கத்தில் நடப்பதையும் எழுதிவிடும் அல்லவா? கேழ்வரகு இடிக்கிற உலக்கை, ஓடுகிற எருமை, பாரவண்டி எல்லாம் கோட்டில் சின்னச் சின்ன முள்ளாய் விழும். வாத்தியார் அதற்கு அழுக்கு என்று பெயர் வைத்திருந்தார். "இன்னிக்குக் காகிதத்துல எவ்வளவு அழுக்கு பாத்தியா?" என்பார். ஊர்ப் பெண்கள் உரலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு அந்தண்டை போக வேண்டியதாயிற்று. ஊரே தன் கருவிக்காக நுனிக்காலில் நடக்க வேண்டும் என்று நினைத்தார் மனிதர். ஊர் நடக்குமா? நடக்காத கோபமெல்லாம் ராமக்காள் தலையில் விடிந்தது.

அடுத்த தை மாதம் மாட்டுப்பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எருது விடுவார்கள். கொம்பில் தட்டியும் துணியும் கட்டி, தாரை தப்பட்டை முழங்க, ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விட்டால் அது கூட்டத்தின் நடுவே பாய்ந்து ஓடும். ஓட்டத்துக்கு வழி அந்தப் பாறையை ஒட்டித்தான், கருவி வருவதற்கு முன்பிருந்தே. பச்சியப்பனின் காளையும் ஓடியது. உள்ளே ஊசி பைத்தியம் பிடித்ததுபோலக் குதித்து, காகிதத்தைக் கிழித்து, தானும் வளைந்துபோனது. வாத்தியார் பாறை மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"அந்த ஊசியை ஒரு கையால தூக்கி வைக்கத் தெரியாதா உனக்கு? மாடு வருதுன்னு மாட்டுக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா? அடுத்த தடவை இப்படி ஒண்ணு ஆச்சுன்னா நீ இந்தப் பக்கமே வராதே!"

ஊர் முழுக்க நின்று கேட்டது. அண்ணன் கேட்டான், அண்ணி கேட்டாள். ராமக்காள் தலையைக் குனிந்துகொண்டு கிழிந்த காகிதத்தைப் பொறுக்கினாள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தூக்கு என்று சொன்னது அவர் வாய்தான்.

அந்த வருஷம் வாத்தியாருக்கு ஒரு நல்ல சேதி வந்தது. நிலநடுக்கம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி போதாது, பல ஊர்களில் வேண்டும். இதை அவர் ராமக்காளுக்கு எருதை வைத்தே விளக்கியிருந்தார். ஒரு பட்டியிலிருந்து இரண்டு காளையை ஒரே நேரத்தில் அவிழ்த்து விடுகிறோம், ஒன்று வேகமாக ஓடும், ஒன்று மெதுவாக. பட்டிக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தாண்டும்போது இரண்டும் ஒட்டினாற்போல் வரும். தூரத்தில் நிற்பவனுக்கு முதலாவது வந்து வெகுநேரம் கழித்துத்தான் இரண்டாவது வரும். அந்த இடைவெளியைப் பார்த்தால் பட்டி எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். நடுக்கமும் அப்படி இரண்டு அலையாக வருகிறது. நாலு ஊரில் நாலு பேர் தூரத்தைச் சொன்னால் பட்டி எங்கே என்பது தெரிந்துவிடும். தெற்கே அப்படிச் சொல்வதற்குக் கருவிகள் குறைச்சல். அதனால் இன்னாசி வாத்தியாரின் கருவியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று சர்க்கார் மேலிடத்தில் யோசிப்பதாகவும், பெரிய நடுக்கம் ஒன்றை அது ஒழுங்காக எழுதிக் காட்டினால் நிலையமாக ஏற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். வாத்தியார் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ராமக்காளைக் கூப்பிட்டு, "நிலையம் ஆயிட்டா உனக்கும் சர்க்கார் உத்தியோகம்தான்" என்றார். அவளுக்கு உத்தியோகம் பெரிதாகப் படவில்லை. ஊசி நின்றுபோகாமல் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அவள் காதில் விழுந்தது.

பிறகு வந்தது முப்பத்திநாலாம் வருஷத்துப் பொங்கல். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பொம்மிடிப் பக்கம் போனவர், திங்கட்கிழமையும் தங்கை வீட்டில் தங்கிவிட்டார். அந்தத் திங்கள்தான் மாட்டுப்பொங்கல். மதியம் தப்பட்டைச் சத்தம் கேட்டதுமே ராமக்காள் பள்ளத்தில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியைப் பூப்போலத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். உருளை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாக எருது பார்த்தாள். பச்சியப்பனின் காளை ஒருவன் கையிலும் சிக்காமல் ஓடி முதலில் வந்தது. அண்ணன் மகள் சென்னம்மாள் சின்னப் பெண், அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ராமக்காள் கைதட்டினாள், சிரித்தாள், காளைக்கு மஞ்சள்தண்ணீர் ஊற்றினாள். கூட்டம் கலைந்து, மாடுகளெல்லாம் கட்டுத்தறிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் ஊசியை இறக்கிவைத்தாள்.

மறுநாள் வாத்தியார் வந்து காகிதத்தைப் பார்த்தார். ஒரு முள் கூட இல்லை. கோடு ஓர் இடத்தில் நின்று, கருப்பாகவே கொஞ்சம் போய், மறுபடி தொடங்கியிருந்தது.

"மாடு வுடறப்ப தூக்கி வெச்சிட்டேங்க" என்றாள்.

"பரவாயில்லையே! இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார் அவர். தங்கை கொடுத்தனுப்பிய பலகாரத்தில் பாதியை அவளிடம் நீட்டினார்.

அவர் வாயால் அவளைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அவள் அந்தப் பலகாரத்தைத் தின்னாமல் சென்னம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, "வாத்தியாருங்க எனக்குக் குடுத்தது" என்று சொல்லி அண்ணியிடமும் பீற்றிக்கொண்டாளாம்.

பேப்பர் பொம்மிடிக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து ஆள் கையில் வர வேண்டும். அது வந்தபோது அப்துல் கனி பாய் அரக்குக் கொடுக்க வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் நின்றபடியே படித்தார். வடக்கே பீகாரில் பூமி பிளந்து, ஊர் ஊராகத் தரைமட்டமாகி, ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்துப்போயிருந்தார்கள். மாட்டுப்பொங்கலன்று மதியம். வாத்தியார் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் ஓடி, அந்தக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கருப்பு. வெறும் கருப்பு. அலை முழுவதும் வந்து, பாறையை ஆட்டி, போயே போய்விட்டது. இந்தத் தேசத்தில் அவர் ஆயுளில் அதைவிடப் பெரிய நடுக்கம் வரப்போவதில்லை.

"எப்ப எறக்கினே?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சப்புறந்தாங்க. எங்கண்ணன் காளை மொதல்ல வந்துதுங்க, அத..."

"பூமியே ஆடியிருக்கு, ராமக்கா. ஊர் ஊரா செத்திருக்காங்க. நீ மாடு பாத்துக் கைதட்டிக்கிட்டு இருந்திருக்கே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் எத்தனையோ கத்தலைக் கேட்டவள்தான். பாய் சொல்கிறார், அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனதைத் தான் கண்ணால் பார்த்ததாக. அவள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு வேறு யாருடைய சாவை வைத்தோ பதில் வந்துவிட்டது. அவர்கள் சுவருக்கு அடியில் கிடந்த நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவர்களுக்கென்று விழ வேண்டிய கோட்டையும் தன் கையாலேயே விழாமல் செய்திருக்கிறாள். வாத்தியாருக்குப் போனது ஒரு நிலையம். அவளுக்குப் போனது என்னவென்று அந்த மனிதர் எண்ணிப் பார்த்தாரா?

மேலிடத்திலிருந்து அந்த நாளின் காகிதத்தைக் கேட்டுத் தந்திமேல் தந்தி வந்தது. ராமக்காள் தயங்கித் தயங்கி, "கையால ஒரு கோடு போட்டுக் குடுத்தா ஆவாதுங்களா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பரிகாரம் அது. "பொய்க் கோடு போடவா நான் இங்க வந்து ஒக்காந்திருக்கேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊசி இறக்கப்படாமல் இருந்தது என்று பதில் எழுதி அனுப்பினார். யார் இறக்கவில்லை என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு நிலையம் என்ற பேச்சை மேலிடத்தில் யாரும் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மறு வருஷம் குவெட்டாவில் நிலம் நடுங்கியது. ஊசி இறங்கித்தான் இருந்தது. காலையில் ராமக்காள் காகிதத்தைப் பார்த்து, இரண்டு காளையும் இடைவெளி விட்டு ஓடியிருப்பதைக் கண்டு, அவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். இது வந்துவிட்டது, அந்தப் பழைய பழி அழிந்துவிடும் என்று நினைத்தாள் பாவம். வாத்தியார் வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். அவள் அந்தப் பெருமூச்சைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வீடு என்கிறேன், அவளுக்கு அதன் பிறகு வீடே அந்தப் பள்ளம்தான். ஊசியை விட்டு ஒரு நாள் கூட நகர்வதில்லை என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டாள். மாட்டுப்பொங்கல் வந்தால் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு, ஊசி குதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காகிதம் கிழியட்டும், ஊசி வளையட்டும், தூக்க மாட்டாள். வளைந்த ஊசியை வாத்தியார் திட்டாமல் நிமிர்த்திக் கொடுப்பார். ஊரில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர் விழுந்தது. அதுவும் பாசத்தில் வைத்த பெயரல்ல.

சென்னம்மாளுக்குப் பென்னாகரம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு அத்தை வந்து முதல் நலங்கு வைக்க வேண்டும். அதிலும் இது ராமக்காள் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். விதவை நலங்கு வைக்கலாமா என்று முணுமுணுத்தவர்களைப் பச்சியப்பன் வாயை மூட வைத்திருந்தான். அண்ணன் என்றால் அவன் அண்ணன். வண்டியைப் பள்ளத்தின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான்.

"வாடி, ராமக்கா. ரெண்டு நாளு. வாத்தியாரு பாத்துக்குவாரு."

"அவுருக்குக் கண்ணு செரியில்லண்ணா. கையும் நடுங்குது. ஊசி நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும்! ஒம் மருமவடி அவ. நீ வைக்காத நலங்க யாரு வைக்கறது?"

"நா வந்த நேரம் பாத்து எங்கனா ஆடுச்சுன்னா?"

பச்சியப்பன் மறுபடி வந்தான், மறுபடியும் வந்தான். கடைசியில், "உனக்கு அண்ணன் இல்லேன்னு நெனச்சிக்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அந்தக் கல்யாணத்தன்று உலகத்தில் எங்கும் ஆடவில்லை. காகிதத்தில் கோடு நேராக இருந்தது. வாத்தியார் அதே கொட்டாயில்தான் இருந்தார், இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நீ போய்ட்டு வா" என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? எனக்கு அந்த மனிதர் மேல் ஆறாத கோபம் இதனால்தான்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாதமே, கல்யாணத்துக்கு முன்னால், தருமபுரிக்கு ஸ்பிரிட் வாங்க வந்தவர், அப்துல் கனி பாயின் கடையில் உட்கார்ந்து சொன்னாராம்.

"பாய், தப்பு அவ மேல இல்ல. தூக்குன்னு ஊரு கேக்கச் சொன்னவன் நான்தான். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. அன்னிக்கு அவளைப் பாத்து நான் பேசின பேச்சு இருக்கே, அது பேசியிருக்கக் கூடாத பேச்சு."

"இத எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? அந்தப் பொம்பளகிட்ட சொல்லுங்க."

"சொல்லணும்."

"இன்னிக்கே போய்ச் சொல்லுங்க சார்."

"சொல்றேன் பாய்."

பாய் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், சொன்னீர்களா என்று. "இன்னும் இல்ல" என்பார் அவர். வகுப்பில் நூறு பேருக்கு முன்னால் நாள் முழுக்கப் பேசிய வாய். ஒருத்தியிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அதற்கு வெட்கம். பாயே சொல்லியிருக்கலாம். அது அவர் சொல்ல வேண்டியது, நான் எப்படி முந்திக்கொள்வது என்று பாய் இருந்துவிட்டார். பெரிய மனிதர்கள் இருவரும் இப்படி மரியாதை பார்த்துக்கொண்டிருக்க, அவள் பள்ளத்துக்குள் கிடந்தாள்.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ராமக்காள் ஆமணக்கெண்ணெய் விளக்கில் காகிதம் புகைத்தாள். அந்தப் புகை திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும், ஊசி இழுத்துக்கொண்டு போகும். இருந்தாலும் விடவில்லை. வாத்தியாருக்குக் கண் முழுக்க மங்கிவிட்டது. காலையில் அவள்தான் காகிதத்தைப் பார்த்து, எங்கே துள்ளியிருக்கிறது, எவ்வளவு இடைவெளி என்று சொல்வாள், அவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொள்வார். அந்தக் காலைகளில் ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம்.

நாற்பத்திமூன்றாம் வருஷம் மாசியில் அவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டார். பொம்மிடியிலிருந்து உறவினர்கள் வந்தார்கள், பெட்டி வந்தது, தப்பட்டை வந்தது. ஊரே வந்து நின்றது, பச்சியப்பனும் வந்திருந்தான். கொட்டாய் வாசல் நிறையக் காலடிச் சத்தம். ராமக்காள் அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளத்துக்குள் போனவள் வெளியே வரவில்லை. உறவுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னிக்காவது அதை நிறுத்தும்மா, துட்டி வூடு" என்றார். அவள் ஊசிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

பெட்டியை மூடப் போகும் நேரத்தில், பேச்சை விட்டிருந்த பச்சியப்பன் வாசலில் வந்து நின்று கூப்பிட்டான்.

"ராமக்கா, மூடப் போறாங்க. வந்து ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போ."

"வரலண்ணா. தப்பட்ட அடிக்கறாங்க, ஊசி குதிக்குது. வளைஞ்சிக்கிச்சுன்னா நிமித்த இனி ஆளு இல்ல."

அவன் அழுதுகொண்டே போனான். தப்பட்டை பாறையை ஒட்டி முழங்கிக்கொண்டு போனது, கூட்டம் நடந்தது, வண்டிச் சக்கரம் உருண்டது. ஊசி எல்லாவற்றையும் எழுதியது, அவர் அழுக்கு என்று சொன்ன அத்தனையையும். முதலில் கோடே தெரியாமல் ஒரே முள்ளாய் இருந்தது. பொம்மிடிப் பாதையில் ஊர்வலம் விலக விலக முள் சின்னதாகிக்கொண்டு வந்து, இருந்து இருந்து ஒன்று விழுந்து, பிறகு கோடு நேராகிவிட்டது. அவள் நின்றபடியே அதைக் கடைசிவரை பார்த்தாள்.

அப்துல் கனி பாய்க்குத் தகவல் தாமதமாகப் போயிருக்கிறது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாத்தியாருக்கென்று எங்கேயோ சொல்லிப் பிடித்து வைத்திருந்த மண்ணெண்ணெய் புட்டி கையில் இருந்தது. ராமக்காள் அந்த நாளின் காகிதத்தை அரக்கில் தோய்த்துக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். மறுநாளைக்கான காகிதத்தை விளக்கின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது யாருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார் பாய்.

"கோலாருல இன்னும் ஆளுங்க எறங்கிக்கிட்டுத்தானே இருக்காங்க, பாய்."

பாய்க்கு அதற்குமேல் தாங்கவில்லை. வருஷக்கணக்கில் வயிற்றில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். அன்றைக்கு நடந்ததில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று வாத்தியாரே தன்னிடம் சொன்னதை, தூக்கச் சொன்னவன் தான்தான் என்று வருந்தியதை, உன்னிடம் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்றே இருந்ததை, சென்னம்மாளின் கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைச் சொன்னதை.

ராமக்காளின் கை நின்றது. காகிதத்தின் ஓரம் தீப்பிடித்தது. அவள் அதை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, கரி படிந்த விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

"அத ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானு போய் எம் பொண்ணுக்கு நலங்கு வெச்சிருப்பேனே, பாய்" என்றாள்.